தங்கச்சியின் மூன்றாம் ஓலை

கோலாலம்பூர் விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர் கையைக் காட்டிப் பக்கத்துக் கூண்டில் இருந்த ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் வந்து, "பாட்டி, எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேக்குறாரு" என்றாள்.

"என் தங்கச்சி கல்யாணத்த நிப்பாட்ட வந்திருக்கேன்."

அவள் என் நரைத்த தலையைப் பார்த்தாள். "தங்கச்சியா?"

"ஆமா. கூடப்பொறந்தவ. என்னைய விட ஏழு வயசு எளையவ."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு அதிகாரியிடம் அவர்கள் மொழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அவர் சிரித்த முகமாக என்னை விட்டுவிட்டார். "கல்யாணம்னு மட்டும் சொன்னேன் பாட்டி. மிச்சத்த நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லி, என் பையையும் எடுத்துக் கொடுத்தாள். பேர் தெரியாத பிள்ளை. நல்லா இருக்கட்டும்.

நான் சங்கரன்கோவில்காரி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜாக்கெட் தைக்கிறேன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக்கூட்டி வேதம் வாசிப்பேன். எழுதினால் மெதுவாகத்தான் வரும். இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். படிப்பவர்களும் மெதுவாகப் படிக்கலாம். நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் போகாதவள் எழுபத்து மூன்று வயதில் கடல் தாண்டியது தங்கச்சி மகன் சாம் போன் போட்டதால்தான்.

தங்கச்சி எஸ்தர் மலேசியாவில் தைப்பிங் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். நாற்பத்து நாலு வருஷம் ஆகிறது. புருஷன் இறந்து ஆறு வருஷம். இப்போது ஒரு சீனரை, அவரும் மனைவியை இழந்தவர், கல்யாணம் செய்யப் போகிறாள் என்று சாம் போனில் சொன்னபோது ஊசி என் விரலில் ஏறிவிட்டது. எங்கள் கிறிஸ்தவ வேதக்காரர் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தால் சொல்லலாம் என்று ஐயர், எங்கள் பாதிரியார், சபையிடம் கேட்பார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மூன்றாம் ஓலையும் முடிந்தால் கல்யாணம் உறுதி.

"ரெண்டு ஓல வாசிச்சாச்சு பெரிம்மா" என்றான் சாம். "பிள்ளைங்க நாங்க சொன்னா அம்மா கேக்க மாட்டேங்குறாங்க. நீங்க எழுந்து நின்னீங்கன்னா அம்மா விட்டுருவாங்க. உங்க பேச்ச அம்மா தட்டினதே இல்ல."

அது உண்மைதான். "எந்திரிச்சு நிக்கேன்" என்று வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். என்னிடம் துணி கொடுத்த எவளும் சொன்ன நாளில் ஜாக்கெட் வாங்காமல் போனதில்லை.

இன்னொன்றும் இருந்தது. முப்பத்தொரு வயதில் நான் புருஷனைப் பறிகொடுத்தேன். பிள்ளையும் இல்லை. இரண்டு மூன்று பேர் கேட்டு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி, தையல் மிஷினை நம்பி நாற்பத்திரண்டு வருஷம் ஒத்தையில் நின்றிருக்கிறேன். எங்கள் தெருவில் யாரும் என்னைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அந்தப் பெருமை என்னோடுதான் விமானம் ஏறியது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாம் வீட்டில் தங்கினேன். பதினேழாவது மாடி. சன்னலைத் திறந்தால் தறிச் சத்தம் இல்லை, ஆட்டுச் சத்தம் இல்லை, காற்று மட்டும் வருகிறது. காலையில் "பசியாறுங்க பெரிம்மா" என்று அவன் மனைவி சுட்ட ரொட்டியில் தேங்காயும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய இனிப்பைத் தடவித் தந்தாள். பசியாறுவது என்று காலைச் சாப்பாட்டுக்கு இவர்கள் வைத்திருக்கும் பேர் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சாமுக்கு வேலை. சனிக்கிழமை வருவதாகச் சொல்லி என்னை ரயிலில் ஏற்றிவிட்டான். "தைப்பிங்ல இறங்கிருங்க பெரிம்மா, பலகையில எழுதியிருக்கும்" என்றான்.

அந்த ரயிலில் கதவு தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது. அது எனக்குத் தெரியும். தெரியாதது, அது நமக்காகக் காத்திருக்காது என்பது. சங்கரன்கோவில் ஸ்டேஷனில் ரயில் நின்றால் மூட்டையை இறக்கி, ஆளை இறக்கி, மறந்த கூஜாவுக்கு ஒருத்தர் திரும்ப ஏறி இறங்கவும் நேரம் இருக்கும். தைப்பிங் வந்தது. எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அவள் இறங்கட்டும் என்று நின்றேன். அவள் பிள்ளையின் தள்ளுவண்டியோடு ஒருவன் வந்தான், அவனும் போகட்டும் என்றேன். கதவு மூடிவிட்டது. தைப்பிங் பலகை என் கண்ணெதிரே பின்னால் போனது.

முக்காடு போட்ட ஒரு மலாய்க்காரப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஏதோ சொன்னாள். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பையன் அதைத் தமிழில் சொன்னான்: "அவங்க அம்மாவும் போன மாசம் இப்படித்தான் போயிட்டாங்களாம். பயப்படாதீங்கன்னு சொல்றாங்க." அந்தப் பெண் தான் இறங்க வேண்டிய இடம் அது இல்லை என்றாலும் அடுத்த ஸ்டேஷனான பாகான் செராயில் என்னோடு இறங்கி, என் பையில் நம்பர் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து எஸ்தருக்குப் போன் போட்டு, என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்தாள். எங்கள் ஊரிலும் இப்படிச் செய்வார்கள். ஆனால் செய்துகொண்டே இரண்டு பேச்சு ஏசுவார்கள். இவள் ஏசவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு பழைய வேன் வந்தது. ஒல்லியாக, கைச்சட்டையை முழங்கை வரை மடித்துவிட்ட ஒரு சீனர் இறங்கினார். எழுபது இருக்கும். "எஸ்தர் அக்கா?" என்றார். தலையாட்டினேன். "ஏறு" என்றார்.

ஏறு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. டிரைவர்தானே, தெரிந்த தமிழ் அவ்வளவுதான் போல என்று விட்டுவிட்டேன். என் மடியில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தார். வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்தது. "சாப்பிடு. சூடு இருக்கு" என்றார். அதுவும் மரியாதை இல்லாமல். பழம் நன்றாக இருந்தது.

எங்கள் பக்கம் வாடகைக் கார் பிடித்தால் டிரைவரிடம் குடும்பக் கதை சொல்லாமல் வீடு போய்ச் சேர்வதில்லை. அதிலும் இவருக்குப் புரியாது என்ற தைரியம் வேறு. வாயைத் திறந்தேன்.

"என் தங்கச்சிக்குப் புத்தி கெட்டுப்போச்சு அண்ணாச்சி. பேரன் பேத்தி எடுத்தவ. எவனோ ஒருத்தன் மயக்கிட்டான். ஊருல இத எப்படிச் சொல்லுவேன்? தலையில துணியப் போட்டுட்டுல்லா நடக்கணும். ஞாயித்துக்கெழம கோயில்ல வச்சு நிப்பாட்டிட்டுத்தான் மறுவேல பாப்பேன்."

அவர் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினார்.

"அந்த ஆளுக்கும் வெக்கம் வேண்டாமா? பல்லு போன வயசுல."

"மழை வருது" என்றார். "கண்ணாடி ஏத்து."

ஏற்றினேன். மழை அடித்தது. எங்கள் ஊருக்கு அடுத்த குருவிகுளம் பக்கம் மழை என்றால் ஊரே வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும். ஒரு மழை தப்பினால் அந்த வருஷத்து உளுந்து போச்சு. இங்கே வானம் ஒரு மணி நேரம் கொட்டியது, தெருவில் ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த மழைச் சத்தத்தை மீறி நான் பேசிக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் எஸ்தர் குடையோடு நின்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது; பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது இவ்வளவு மெலிவு இல்லை. அழுதோம். அப்போதுதான் அந்த டிரைவர் என் பையை உள்ளே வைத்துவிட்டு, நல்ல தோட்டத்துத் தமிழில் சொன்னார்:

"எஸ்தர், உன் அக்கா நல்லா பேசுது. பாகான் செராய்ல ஏறினதுல இருந்து வாயே மூடல. எல்லாம் என்னைப் பத்திதான்."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"பல்லு போகலை அக்கா" என்றார் அவர். "ரெண்டுதான் போச்சு." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் பேர் ஓங். அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். தோட்டக் கூலிகளின் லைன் வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடித் தமிழ் படித்தவர். அந்தப் பிள்ளைகள் வா, போ, ஏறு, சாப்பிடு என்றுதான் பேசியிருக்கின்றன. மரியாதை போட்டுப் பேச அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எஸ்தர் இதைச் சொன்னபோது நான் சிரிக்கக் கூடாது என்று முறைப்பாக இருந்தேன்.

வியாழக்கிழமை முழுக்க எஸ்தர் வீட்டுச் சாப்பாட்டில் எனக்கு வருத்தம். மீன் குழம்பு வெளிறிக் கிடந்தது. காரமே இல்லை. நெல்லைச் சீமையில் பிறந்தவள் வைத்த குழம்பா இது? புளியங்குடி எலுமிச்சம்பழத்தில் நான் போட்டுக் கொண்டுபோன ஊறுகாயைத் தொட்டுத்தான் சோறு இறங்கியது. "அந்த ஆளு பழக்கிவிட்டதாக்கும்" என்றேன். அவள் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அள்ளிக் கோயிலுக்கென்று தகர டப்பாவில் போட்டாள். அம்மா கற்றுக்கொடுத்தது. நாற்பத்து நாலு வருஷமாகக் கடலுக்கு இந்தப் பக்கம் அந்தக் கை மறக்கவில்லை. அதைப் பார்த்ததும் ஊறுகாய்க் கோபம் கொஞ்சம் இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை பாசாருக்குப் போனோம். சந்தையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மீனும் பன்றியும் கீரையும் அடுத்தடுத்து. எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டில் கூவுவதைவிட அதிகமாகக் கூவுகிறார்கள். ஒரு ஓரத்தில் ஓங் நின்றார். போப்பியா என்று ஒரு பலகாரம். காய்கறியை மெல்லிய தோலில் சுருட்டித் தருவது. அந்தத் தோலைச் சுடுவதுதான் அவர் தொழில்.

பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். தண்ணீர் போல் வழுக்கும் ஈர மாவு உருண்டையை வலது கையில் ஏந்திக்கொண்டு ஆட்டிக்கொண்டே இருக்கிறார். ஆட்டம் நின்றால் மாவு தரையில் விழுந்துவிடும். சூடான இரும்புக் கல்லில் ஒரு சுற்றுத் தேய்த்து இழுத்தால் வெற்றிலை கனத்தில் ஒரு தோல் கல்லில் ஒட்டி நிற்கிறது. அடுத்த கல், அடுத்த கல். மூன்றாவது கல்லுக்குப் போவதற்குள் முதல் தோலின் ஓரம் தானே எழும்புகிறது. இடது கை அதை உரித்துவிடுகிறது. ஒன்றுகூடப் பெரிதில்லை, சிறிதில்லை. அளவுகோல் எங்கே இருக்கிறது என்று தேடினேன். மணிக்கட்டில் இருந்தது.

வாடிக்கைக்காரச் சீனப் பெண் ஒருத்தி என்னைக் காட்டி அவரிடம் ஏதோ கேட்டுச் சிரித்தாள். என்ன என்றேன். எஸ்தர் சொல்லத் தயங்கினாள். ஓங் சொன்னார்: "கல்யாணத்த நிறுத்த வந்த அக்கா இதுதானான்னு கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமா, ஆனா முதல்ல போப்பியா சாப்பிடட்டும்னு சொன்னேன்."

கொடுத்தார். சாப்பிட்டேன். எதிராளி கையால் சாப்பிடுகிறோமே என்று நினைப்பு வந்தது. ஆனால் நாக்கு அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டது.

மத்தியானம் மழை வந்தது. இந்த ஊரில் அது கடிகாரம் மாதிரி. சன்னல் ஓரம் இருவரும் உட்கார்ந்து கீரை ஆய்ந்தோம். நான் ஆரம்பித்தேன்.

"ஏட்டி எஸ்தரு, எனக்கு அப்ப முப்பத்தோரு வயசு. நான் ஒத்தையில நிக்கல்லியா?"

"நின்ன அக்கா. யாரு இல்லன்னா?"

"பின்ன ஒனக்கு என்ன கொள்ள? பிள்ளையள் இருக்கு, வீடு இருக்கு, கர்த்தர் இருக்காரு."

அவள் ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள். "ரெண்டு ஆராதனைக்கும் நடுவுல மழைக்கு ஒதுங்கி நிப்போம். அவங்க சீனம் எட்டு மணிக்கு, நம்ம தமிழ் பத்தரைக்கு. அங்கனதான் பழக்கம். ஒரு நா அவரு கேட்டாரு, எஸ்தர், உனக்கு என்ன சாப்பாடு புடிக்கும்னு."

"இது ஒரு கேள்வியா?"

"எனக்குப் பதில் தெரியல அக்கா."

நான் கீரையை வைத்துவிட்டேன்.

"எம்பிள்ளைங்க அப்பாவுக்கு என்ன புடிக்கும்னு தெரியும். சாமுக்குப் புடிச்சது தெரியும். மாமியாருக்குப் புடிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு, அவங்க செத்து முப்பது வருசம் ஆச்சு. எனக்கு என்ன புடிக்கும்? மூணு நாளு யோசிச்சேன். அடுத்த ஞாயித்துக்கெழம போயி, தெரியலன்னு சொன்னேன். சரி, தேடுன்னாரு. அவ்வளவுதான். தேடினேன் லா. வாரம் ஒண்ணா சமைச்சுப் பாத்தேன். எனக்குக் காரமே ஆகாது அக்கா. சின்னப்புள்ளைல இருந்தே ஆகாது. அறுவது வயசு வரைக்கும் கண்ணுல தண்ணி வழிய வழியச் சாப்பிட்டிருக்கேன். எல்லாரும் திங்காங்க, நானும் திங்கேன்."

"அப்ப அவரு பழக்கல்லியா?"

"அவருக்கா? பச்ச மொளகாயக் கடிச்சுத் திம்பாரு. தனியா ஒரு கிண்ணத்துல வச்சுக்குவாரு."

மழை விடவில்லை. தங்கச்சி சாப்பிடும்போது சிறுவயதில் மூக்கை உறிஞ்சுவாள். அம்மா அவளைச் சளிக்காரி என்பாள். நானும்தான் சொன்னேன். அவள் தட்டில் தண்ணீர் ஊற்றிக் குழம்பைக் கழுவும்போது தலையில் குட்டியதும் நான்தான்.

சனிக்கிழமை காலை ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிப் போனாள். ரோட்டின் இந்தப் பக்கத்து மரங்கள் அந்தப் பக்கம் போய், கிளையை ஏரித் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நிற்கின்றன. யாரும் வெட்டவில்லை. மரத்துக்காகக் கிளையின் அடியில் ஜனங்கள் குனிந்து போகிறார்கள். எங்கள் ஊரில் கரண்டு கம்பிக்கு இரண்டடி பக்கத்தில் வந்தாலே கோடாலி எடுத்துவிடுவோம். நானும் குனிந்து போனேன். நன்றாக இருந்தது.

திரும்பி வந்ததும் எஸ்தர் ஒரு துணியை எடுத்து வந்தாள். சந்தன நிறப் பட்டுத் துணி. "தைச்சுத் தருவியா அக்கா? நீ நாளைக்கு எந்திரிச்சு நின்னாலும் பரவால்ல. உன் கைத் தையல் ஒண்ணு எனக்கு வேணும்."

நான் எழுந்து நிற்கப்போவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மூன்று நாள் சோறு போட்டிருக்கிறாள். துணி என்ன பாவம் செய்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பையில் இருந்த நூல்கண்டை எடுத்தேன்.

எனக்கு டேப்பில் அளக்க வராது. இஞ்சும் காலும் அரையும் குழப்பும். அதனால் சின்ன வயதிலேயே நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆளுக்கு ஒரு நூல். கழுத்துக்கு ஒற்றை முடிச்சு, மார்புக்கு இரட்டை, கைக்கு ஒரு சுருக்கு. என் சுவரில் இருநூறு நூல் தொங்குகிறது. எது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வேன். டெய்லர் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். என் ஜாக்கெட்டை உடுத்தியவர்கள் அங்கே போனதில்லை.

எஸ்தரை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது ஓங் போப்பியாத் தோல் கட்டு ஒன்று கொடுக்க வந்தார். நூலை வாங்கி விரலால் ஓட்டினார். "இது கழுத்து?" என்றார். ஆமாம் என்றேன். "இது கை." ஆமாம். கொஞ்சம் யோசித்து, "நீ எழுதியிருக்கே அக்கா" என்றார். "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இது படிக்கத் தெரியுது."

ஐம்பது வருஷத் தொழிலில் அதை எழுத்து என்று ஒருத்தரும் சொன்னதில்லை. நானும் நினைத்ததில்லை. அந்த "நீ" அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று படவில்லை.

அவளுடைய பழைய கால்மிஷினில் உட்கார்ந்தேன். ஜாக்கெட்டில் இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு விரல்கடைத் துணி விட்டுத்தான் தைப்போம். பின்னால் உடம்பு வந்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். எத்தனையோ பேருக்கு விட்டுத் தைத்திருக்கிறேன். பிரிக்கச் சொல்லித் திரும்ப வந்தவர்கள் கொஞ்சம்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே போட்டுக் கழித்துவிடுவார்கள். மனசும் அப்படித்தான் போலிருக்கிறது. உள்ளே துணி இருக்கிறது என்று தெரியாமலே பாதிப் பேர் போய்விடுகிறோம். மிஷினை மிதிக்கும்போது இதெல்லாம் ஓடியது. எனக்குள் எவ்வளவு துணி மடிந்து கிடக்கிறதோ, அதை நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

சாயங்காலம் சாம் வந்தான். மிஷினில் இருந்த துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பெரிம்மா, நாளைக்கு நிக்கிறீங்கதானே?"

"வாக்குக் குடுத்திருக்கம்லா."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த அவன் அப்பா படத்தைக் காட்டினான். "இந்த வீட்டுக்கு அவரு வந்துட்டா, அப்பா படத்த எங்க பெரிம்மா வைக்கிறது? கழட்டிருவாங்க. எனக்கு அதுதான்." பெரிய ஆம்பிளை, நாற்பது வயது. எழுந்து போய்ப் படத்தின் தூசியைத் துடைத்தான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. அப்பாவுக்கு இடம் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். எனக்கு அவன் மேலும் பாசம், இவள் மேலும் பாசம். கொடுத்த வாக்கு நடுவில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி. சின்னக் கோயில், மர பெஞ்சு. சீன ஆராதனை முடிந்து அவர்கள் வெளியேற நாங்கள் உள்ளே போனோம். ஓங் கடைசி பெஞ்சில் தங்கிவிட்டார். எஸ்தர் எனக்கு இரண்டு வரிசை முன்னால். சாம் என் பக்கத்தில். ஞானப்பாட்டு ராகமெல்லாம் எங்கள் ஊர் ராகம்தான். ஐயர் காகிதத்தைப் பிரித்தார். விதவையாகிய எஸ்தருக்கும் ஓங்குக்கும் மூன்றாம் ஓலை என்றார். தடை அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம் என்றார்.

சாம் என் முழங்கையைத் தொட்டான்.

தடை என்றால் என்ன என்று மனதுக்குள் தேடினேன். வயசு? அது தடை இல்லை. சீனர் என்பது? கர்த்தருக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகள் வருத்தம்? வருத்தம் வருத்தம்தான், தடை ஆகாது. கடைசியில் அடியில் கிடந்தது ஒன்றுதான்: நான் ஒத்தையில் நின்றேனே. அவள் செய்வது சரி என்றால் என் நாற்பத்திரண்டு வருஷம் என்ன ஆவது? அதைத்தான் நான் கடல் தாண்டித் தூக்கி வந்திருக்கிறேன். அதை எழுந்து நின்று ஐயரிடம் தடை என்று சொல்ல முடியுமா? நான் நின்றதை யாரும் என்னிடமிருந்து எடுக்கவில்லை. என் தங்கச்சி நடக்க விரும்புகிறாள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் ஓலை வாசித்தபோது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்க்காத மாப்பிள்ளை, தெரியாத தேசம். நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். இன்றைக்கு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

சாமின் கையை எடுத்து என் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் இழுத்தான். நான் விடவில்லை. ஐயர் காகிதத்தை மடித்தார்.

வெளியே வந்ததும் சாம், "ஏமாத்திட்டீங்க பெரிம்மா" என்றான்.

"ஆமா மக்கா. ஒனக்குக் குடுத்த வாக்க ஒடச்சிட்டேன். மொத தடவ. கோவிச்சுக்கோ."

"அப்பா படம்?"

"இருக்க எடத்துலயே இருக்கட்டும். ஆணி நல்ல ஆணிதான்."

அவன் போய்க் காரை எடுத்து வந்தான். பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். எஸ்தர் ஏறினாள். கொஞ்சம் கழித்து, "அவரையும் ஏறச் சொல்லுங்க, மழை வருது" என்றான். ஓங் ஏறினார். அதுவே பெரிது. அந்தப் பிள்ளைக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

கல்யாணம் வரை இருக்கச் சொன்னார்கள். விசா நாள் போதாது. ஜாக்கெட்டை எஸ்தர் போட்டுக் காட்டினாள். தோள் ஒரு நூல் பிசகவில்லை.

ஊர் திரும்பியபோது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. எலுமிச்சை மூட்டை ஏற்றுகிறவர் ஒருவர், "என்னத்தா, சீமைக்குப் போயிட்டு வந்தியாமே, கறுத்துல்லா வந்திருக்க" என்றார். தறிகள் அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு எப்படித் தூக்கம் வந்தது என்று தெரியவில்லை.

எங்கள் சபையில் ஒரு நன்மை கிடைத்தால் காணிக்கையோடு ஒரு துண்டுச் சீட்டில் காரணம் எழுதிக் கொடுப்பது வழக்கம். சுகம் கிடைத்தது, பேரன் பாஸானான், கிணற்றில் தண்ணீர் ஊறியது என்று எழுதுவார்கள். உபதேசியார் அதை ஆராதனையில் சத்தமாக வாசிப்பார். எப்போதும் எனக்கு வேறு யாரையாவது பிடித்து எழுதச் சொல்வேன். இந்தத் தடவை நானே எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆனது. என் தங்கச்சி எஸ்தருக்குக் கல்யாணம் கூடி வந்த நன்மைக்காக ஸ்தோத்திரம் என்று எழுதி, என் பேரைப் போட்டுக் கொடுத்தேன்.

உபதேசியார் சீட்டைப் பார்த்துவிட்டு, மணி அடிப்பதற்கு முன்னால் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி மகளுக்கா அம்மா கல்யாணம்? மகள்ங்கிறத விட்டுட்டீங்க போல. நான் சேத்து வாசிச்சிருதேன்."

"ஒண்ணும் விட்டுப்போகல அண்ணாச்சி. தங்கச்சிக்குத்தான். எழுதியிருக்கபடியே வாசியுங்க."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். போய் நின்று, எழுதியிருந்தபடியே வாசித்தார். எஸ்தரை இடுப்பில் தூக்கிச் சுமந்தவர்கள் இரண்டு பேர் இன்னும் அந்தச் சபையில் இருக்கிறார்கள். பெண்கள் பக்கத்தில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. எனக்குப் பின்னால் இருந்தவள் குனிந்து என் காதுக்குள், "ஏட்டி, அவளுக்கு இப்ப என்ன வயசு?" என்றாள்.

"அறுபத்தாறு" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே.